பூனைக்குச் சளி: லைசின், வைட்டமின், மீன் எண்ணெய் கொடுக்கலாமா?

மீனா_சாட்ஸ்வர்த்

எல்லோருக்கும் வணக்கம், தென்னாப்பிரிக்கா டர்பனிலிருந்து எழுதுகிறேன். ஆண் பூனை, மூன்று வயது, 4 கிலோ, கருத்தடை ஆனது. ஐந்து நாளாகத் தும்மல், கண்ணில் பீளை. மூக்கில் முதலில் தண்ணீராக வடிந்தது, இப்போது மஞ்சளாகக் கெட்டியாகிவிட்டது. மருத்துவர் பார்த்துவிட்டு டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார், நாளைக்கு ஒரு வேளை. சாப்பாடுதான் கவலை. வழக்கமாகத் தின்பதில் பாதிகூட இல்லை.

என் கேள்விகள்:

லைசின் என்ற அமினோ அமிலப் பொடி 500 மில்லிகிராம் இரண்டு வேளை கொடுக்கச் சொல்கிறார்கள். வேலை செய்யுமா? வைட்டமின் சி, காட் லிவர் எண்ணெய் (மீன் ஈரல் எண்ணெய்) சேர்க்கலாமா? மாத்திரையைத் தயிரில் மறைத்துக் கொடுத்தால் தின்றுவிடுகிறான், அது சரியா?

புரட்டாசி என்பதால் வீட்டில் கவிச்சி சமைப்பதில்லை. பருப்புச் சாதமும் தயிரும் கொடுத்து, மேலே சத்துப் பொடி தூவினால் ஈடுகட்ட முடியுமா? மாமியார் கற்பூரவல்லிச் சாறும் விக்ஸும் போடச் சொல்கிறார்.

வீட்டில் ஆறு வாரக் குட்டி ஒன்றும் இருக்கிறது. அதற்கு முன்கூட்டியே ஏதாவது சத்து மருந்து கொடுத்து வைக்கலாமா?

தேவன்_மாரிட்ஸ்பர்க்

மீனா அக்கா, தயிரை இன்றைக்கே நிறுத்துங்கள். டாக்ஸிசைக்ளின் சுண்ணாம்புச்சத்தோடு ஒட்டிக்கொள்ளும், ஒட்டியது குடலில் உறிஞ்சப்படாமல் வெளியே போய்விடும். பால், தயிர், கால்சியம் சிரப், இரும்பும் துத்தநாகமும் கலந்த மல்டிவைட்டமின் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நீங்கள் கேட்கும் சத்துப் பொடிகளில் பாதிக்கு மேல் இந்தத் தாதுக்கள் இருக்கும். அப்படிக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் மாத்திரைக்கு முன்னும் பின்னும் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

இந்த மாத்திரையை உலர்வாக விழுங்க வைப்பதும் ஆபத்து. பூனையின் உணவுக்குழாயில் மாத்திரை பாதியில் நின்றுவிடும். டாக்ஸிசைக்ளின் நின்ற இடத்தைப் புண்ணாக்கும், புண் ஆறும்போது குழாய் சுருங்கிவிடும். பிறகு எதைத் தின்றாலும் கக்கும். மாத்திரை போட்ட கையோடு 5 அல்லது 6 மில்லி தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாய் ஓரமாக மெல்ல விடுங்கள். அல்லது ஒரு கரண்டி ஈர உணவு தின்னக் கொடுங்கள்.

இப்போது லைசின். பூனைச் சளியில் பெரும்பகுதி இரண்டு வைரஸ்களால் வருவது: ஹெர்பீஸ், கலிசி. ஹெர்பீஸ் பெருகுவதற்கு ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் தேவை. லைசினைக் கூட்டினால் ஆர்ஜினின் குறையும், வைரஸ் பட்டினி கிடக்கும் என்பதுதான் கணக்கு. ஆய்வகக் கண்ணாடித் தட்டில் இது ஓரளவு நடந்தது. 2000-த்தை ஒட்டி வந்த சில சிறு ஆய்வுகளும் நம்பிக்கை தந்தன, அதிலிருந்துதான் அந்த 500 மில்லிகிராம் பழக்கம் பரவியது. பிறகு பூனைக் காப்பகங்களில் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. லைசின் கலந்த உணவு தின்ற பூனைகளுக்கு நோய் கூடுதலாகத் தெரிந்த ஆய்வும் உண்டு. 2015-இல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த ஒரு திறனாய்வு, ஹெர்பீஸைத் தடுக்கவும் தீர்க்கவும் லைசின் உதவாது, நிறுத்திவிடுங்கள் என்றே முடித்தது.

காரணம் எளிது. லைசின் கொடுத்தால் பூனையின் இரத்தத்தில் ஆர்ஜினின் குறைவதே இல்லை. குறையாமல் இருப்பது நல்லதுதான். ஆர்ஜினின் அறவே இல்லாத ஒரே ஒரு வேளை உணவு போதும், சில மணி நேரத்தில் இரத்தத்தில் அம்மோனியா ஏறிப் பூனை துவண்டுவிடும். வைரஸைப் பட்டினி போடும் முன் பூனை போய்விடும்.

நாகம்மா_ஃபீனிக்ஸ்

லைசினை நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன் தேவன். பலன் இல்லை என்றே வைத்துக்கொள்வோம், கெடுதல் இல்லையே? கொடுத்தால் என்ன?

தேவன்_மாரிட்ஸ்பர்க்

அம்மா, கெடுதல் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, லைசின் கூடினால் உணவின் ருசி மாறி பூனை குறைவாகத் தின்னும். இந்த நோயில் தின்னாமல் இருப்பதுதான் பெரிய எதிரி. இரண்டு, வலுக்கட்டாயமாகப் பிடித்து அமுக்கி வாயில் ஊற்றினால் மனஅழுத்தம். ஹெர்பீஸ் ஒருமுறை வந்தால் நரம்பு முடிச்சில் வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும். வீடு மாறுதல், புதுப் பூனை, பயம் என்று அழுத்தம் வரும்போதெல்லாம் ஒரு வாரம் கழித்து மறுபடி கிளம்பும். தீனியில் கலந்து தானாகத் தின்கிற பூனையென்றால் பணம்தான் நட்டம். மனிதருக்கான திரவ லைசினில் புரோப்பிலீன் கிளைகால் இருக்கிறதா என்று பாருங்கள், அது பூனையின் சிவப்பணுக்களைக் கெடுக்கும்.

வைட்டமின் சி-யை நாய், பூனையெல்லாம் தங்கள் ஈரலிலேயே செய்துகொள்ளும். வெளியிலிருந்து அள்ளிக் கொடுத்தால் மிச்சம் சிறுநீரில் ஆக்சலேட்டாக இறங்கும். கல்லடைப்புக்கு வழி செய்வது, அதிலும் ஆண் பூனைக்கு.

காட் லிவர் எண்ணெய் வேண்டவே வேண்டாம். முழுமையான பூனை உணவில் ஏ, டி இரண்டும் போதுமான அளவு சேர்த்தே வருகிறது. இரண்டும் கொழுப்பில் கரைபவை, உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். ஏ மாதக்கணக்கில் மிஞ்சினால் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும், தலையைத் திருப்ப முடியாது. தினமும் ஈரல் போட்டாலும் இதே முடிவுதான். டி மிஞ்சினால் சிறுநீரகம் போகும்.

கோமதி_லெனேசியா

தேவன் அண்ணா சொன்னதற்கு மேல் பொடியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன், இந்த நோயில் உண்மையான சத்து மருந்து அதுதான்.

4 கிலோ பூனை படுத்துக் கிடந்தாலே நாளைக்கு ஏறத்தாழ 200 கலோரி வேண்டும். எடையை 30-ஆல் பெருக்கி 70 கூட்டுங்கள், கிட்டத்தட்ட அந்தக் கணக்கு வந்துவிடும். 85 கிராம் ஈர உணவுப் பை ஒன்றில் எழுபது எண்பது கலோரி இருக்கும், ஆகவே இரண்டரை முதல் மூன்று பை. உலர் தீனி என்றால் 50 கிராம். சமையலறைத் தராசில் வைக்கும்போது ஒரு தடவை, மிச்சத்தை எடுக்கும்போது ஒரு தடவை நிறுத்து எழுதி வையுங்கள். ‘கொஞ்சம் தின்றான்’ என்பதை வைத்து மருத்துவர் ஒன்றும் செய்ய முடியாது. ‘நேற்று 90 கலோரி, இன்று 60’ என்றால் உடனே முடிவெடுப்பார்.

பூனை நாக்கால் தின்பதில்லை, மூக்கால் தின்கிறது. மூக்கு அடைத்தால் தட்டில் இருப்பது தீனி என்றே அதற்குத் தெரியாது. ஆகவே முதலில் மூக்கு, பிறகு தட்டு. குளியலறைக் கதவைச் சாத்தி, வெந்நீர்க் குழாயைத் திறந்து ஆவி நிரப்பி, பூனையோடு பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். தண்ணீர் ஆவி மட்டும், அதில் எதையும் கலக்காதீர்கள். ஜோகன்னஸ்பர்க் பக்கம் குளிர்காலக் காற்று காய்ந்துபோய்ச் சளி பசையாக ஒட்டிக்கொள்ளும், எங்களுக்கு இது நாளைக்கு மூன்று தடவை தேவைப்படும். டர்பன் ஈரத்தில் இரண்டு போதும். அதன்பின் மருந்துக்கடை உப்புநீர், 0.9 சதவீதம், ஒவ்வொரு துளைக்கும் ஒரு சொட்டு. தும்மும், தும்மட்டும். வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் மூக்கையும் கண்ணையும் துடையுங்கள், ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. மனிதருக்கான மூக்கடைப்புச் சொட்டு, இலியாடின் போன்றவை, பூனையின் இதயத்தைக் குழப்பிவிடும், தொடவே வேண்டாம்.

மூக்கு திறந்த பத்து நிமிடத்துக்குள் தட்டு முன்னால் இருக்கவேண்டும். ஈர உணவைக் கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்து உடல் சூட்டுக்கு, 38 டிகிரி போலக் கொண்டுவாருங்கள். மணிக்கட்டில் வைத்தால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. மைக்ரோவேவில் நடுவில் மட்டும் கொதித்திருக்கும், கலக்காமல் வைத்தால் நாக்கு சுட்டு அந்தத் தீனியையே வெறுத்துவிடும். ஒரு தேக்கரண்டி மட்டும் அகலத் தட்டில் வையுங்கள், மீசை இடிக்காத மாதிரி. இருபது நிமிடத்தில் தொடவில்லையா, எடுத்துவிடுங்கள். மூக்கின் முன்னால் நாள் முழுக்கக் கிடக்கும் தீனி அருவருப்பைத்தான் வளர்க்கும்.

புரட்டாசி விஷயம். பருப்புச் சாதம் பூனைக்கு வயிற்றை நிரப்பும், உடம்பை நிரப்பாது. டாரின் (ஒரு அமினோ அமிலம்), அராக்கிடோனிக் அமிலம் (ஒரு கொழுப்பு), வைட்டமின் ஏ மூன்றும் அதற்கு இறைச்சியிலிருந்து ஆயத்தமாகக் கிடைக்கவேண்டும். காரட்டின் கரோட்டினை வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ள அதனால் ஆகாது. பொடி தூவி ஈடுகட்ட முடியாது. சமையலறைக்குள் டின் வரக்கூடாது என்றால் வெளி வராந்தாவிலோ கராஜிலோ தனி கெட்டில், தனிக் கிண்ணம், தனிக் கரண்டி வைத்துக்கொள்ளுங்கள். விரதம் உங்களுக்குத்தானே, அவனுக்கு இல்லை.

பை வாங்கும்போது பின்பக்கம் இங்குள்ள தீவனச் சட்டமான 1947-ஆம் ஆண்டின் 36-ஆம் சட்டம் என்ற வரியும் ‘வி’-யில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘முழுமையான உணவு’ என்று போட்டிருக்கவேண்டும், ‘துணை உணவு’ என்றால் அது நொறுக்குத் தீனிதான்.

மீனா_சாட்ஸ்வர்த்

மிக்க நன்றி. நிறுத்துப் பார்த்தேன், நேற்றைக்கு ஒரு பைதான், 75 கலோரி. லக்கி ஸ்டார் மத்தி டின்னைத் திறந்தால் ஓடிவந்து நக்குகிறான். அதையே கொடுக்கலாமா? சிரிஞ்சில் ஊட்டலாமா? இன்னொன்று, இன்று காலையிலிருந்து எச்சில் ஒழுகுகிறது, தட்டருகே வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகிறான்.

தேவன்_மாரிட்ஸ்பர்க்

எச்சில்தான் முதலில். பசியோடு வந்து முகர்ந்துவிட்டுத் திரும்புவது வாய்ப்புண்ணின் அடையாளம். கலிசி வைரஸ் நாக்கின் ஓரத்திலும் அண்ணத்திலும் புண் போடும். அப்படியென்றால் சத்து மருந்தும் பயனில்லை, சூடான தீனியும் பயனில்லை, வலி நிவாரணி தேவை. அதை மருத்துவர்தான் கொடுக்கவேண்டும், உடம்பில் நீர் வற்றியிருந்தால் சில வலி மருந்துகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ஆனால் நாம் இருப்பது குவாசுலு-நட்டால் மாகாணத்தில். எச்சில் ஒழுக வைக்கும் வெறிநோய் இங்கே இன்னும் ஒழியவில்லை. பூனைக்கும் வெறிநோய்த் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம்: மூன்று மாதத்தில் முதல் ஊசி, ஓராண்டுக்குள் இரண்டாவது, பிறகு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள். ஊசி இல்லாமலோ தவறியோ இருந்து எச்சிலும் ஒழுகினால் வாய்க்குள் விரல் விடாதீர்கள், சிரிஞ்சும் வேண்டாம். மருத்துவரிடம் போனில் இதை முதலிலேயே சொல்லிவிட்டு அழைத்துப் போங்கள். ஊசி சரியாக இருந்தால் கலிசி என்றே எண்ணலாம், ஆனாலும் இன்றே காட்டுங்கள்.

எச்சிலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மாத்திரையின் கசப்பு. மாத்திரை போட்ட ஐந்து நிமிடத்தில் தொடங்கி அரைமணியில் நின்றால் அதுதான்.

கோமதி_லெனேசியா

மத்தி ஒரு தேக்கரண்டி, தீனியின் மேலே வாசனைக்கு. அவ்வளவுதான். தக்காளிச் சாற்றைக் கழுவிவிடுங்கள், உப்பு கூடுதல். மிளகாய் போட்ட வகையை வாங்காதீர்கள். மீனையே முழு உணவாக நாள்கணக்கில் கொடுத்தால் வைட்டமின் ஈ பற்றாமல் உடம்பின் கொழுப்பு வீங்கி வலிக்கும், தொட்டால் சீறும். குழந்தைகளுக்கான கோழி ஜாடி உணவும் இப்படித்தான், வெங்காயப் பொடியோ பூண்டுப் பொடியோ இல்லாததைப் பார்த்து ஆசையைத் தூண்டுவதற்கு மட்டும். வெங்காயமும் பூண்டும் எந்த வடிவிலும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். ரசமும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

சிரிஞ்சை நான் கடைசியில்தான் வைப்பேன். மூக்கடைத்த பூனை மூச்சு விடவே சிரமப்படும், வேகமாகத் தள்ளினால் தீனி நுரையீரலுக்குள் போகும். வாயில் புண்ணும் இருந்தால் வலியோடு தீனியைச் சேர்த்து நினைவு வைத்துக்கொண்டு, குணமான பிறகும் தொடாது. மருத்துவர் ஊட்டச் சொன்னால்: தலையை மேலே தூக்காமல் இயல்பான மட்டத்தில் வைத்து, கோரைப்பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் அரை மில்லி, விழுங்கியதைப் பார்த்து அடுத்த அரை மில்லி. முதல் வேளைக்கு 5 மில்லி போதும். தேவைப்படும் கலோரியில் முதல் நாள் மூன்றில் ஒரு பங்கு, மறுநாள் இரண்டு பங்கு, மூன்றாம் நாள் முழுசு. பட்டினி கிடந்த வயிற்றில் ஒரேயடியாக நிரப்பினால் வாந்திதான்.

நோயாளிப் பூனைக்கான டின்கள் மருத்துவரிடம் கிடைக்கும், ஹில்ஸ் ஏ/டி போன்றவை. 156 கிராம் டின்னில் ஏறத்தாழ 180 கலோரி. சாதாரணப் பையைவிடச் செறிவு கூடுதல், சிரிஞ்சிலும் அடைக்காது. குழாயில் வரும் கலோரி ஜெல் ஒரு தேக்கரண்டியில் 25, 30 கலோரிதான், அதை வைத்துப் பூனையை ஓட்ட முடியாது.

75 கலோரி என்பது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இதுவே இரண்டு மூன்று நாள் நீடித்தால், குறிப்பாகப் பருத்த பூனைக்கு, உடம்பின் கொழுப்பு ஈரலில் போய்க் குவியும். காது மடலின் உட்புறமும் ஈறும் மஞ்சளாகும். அந்த நிலைக்குப் போனால் சளி சின்ன விஷயமாகிவிடும், கழுத்து வழியாகக் குழாய் வைத்து வாரக்கணக்கில் ஊட்டவேண்டி வரும். பசியைத் தூண்ட மிர்டாசபின் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

நாகம்மா_ஃபீனிக்ஸ்

மாமியார் வைத்தியத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

கற்பூரவல்லி நமக்கு நல்லது, பூனைக்கு ஆகாது. அதன் எண்ணெய்ச் சத்தைப் பூனை ஈரல் கழிக்க முடியாமல் திணறும், வாந்தியும் பேதியும் ஆகும். யூகலிப்டஸ், டீ ட்ரீ எண்ணெய்களும் அப்படியே. விக்ஸில் கற்பூரமும் மென்தாலும் யூகலிப்டஸும் சேர்ந்தே இருக்கின்றன, நெஞ்சில் தடவினால் நக்கித் தின்னும். பக்கத்தில் கிண்ணத்தில் வைத்து ஆவி பிடிப்பதும் வேண்டாம்.

பனாடோ, அதாவது பாராசிட்டமால் மாத்திரை, மட்டும் எந்தக் காரணத்துக்கும் கூடாது. 500 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கே 4 கிலோ பூனையின் உயிரை எடுக்கக்கூடும். சில மணி நேரத்தில் ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும். சளிக்கு நாம் வெந்நீரில் கலந்து குடிக்கும் மெட்-லெமனிலும் அதே பாராசிட்டமால்தான் இருக்கிறது, ‘எலுமிச்சை வெந்நீர்தானே’ என்று எண்ணிவிடாதீர்கள். உதட்டுக் கொப்புளத்துக்கு நாம் தின்கிற அசைக்ளோவிர் மாத்திரையும் பூனைக்கு விஷம். ஹெர்பீஸுக்கு மருத்துவர் எழுதுவது ஃபாம்சைக்ளோவிர், அது வேறு.

புரட்டாசிச் சனிக்கிழமை சாம்பிராணி, கற்பூரம், ஊதுபத்தி எல்லாம் வீடு நிறையும். பூனை இருக்கும் அறைக்கதவைச் சாத்தி, கீழே துணி அடைத்துவிடுங்கள். புண்ணான மூச்சுக்குழாயில் புகை பட்டால் இரண்டு நாள் முன்னேற்றம் ஒரு மணி நேரத்தில் போய்விடும்.

தேவன்_மாரிட்ஸ்பர்க்

குட்டிக்கு எந்தப் பொடியும் வேண்டாம். அதற்குத் தேவை தூரம். நோயாளியின் தும்மல் ஒன்றரை மீட்டருக்குள் விழுந்துவிடும், வீடு முழுக்கப் பரப்புவது நம் கையும் கிண்ணமும்தான். தனி அறை, தனி மணல் தட்டு, தனிக் கிண்ணம். முதலில் குட்டியைக் கவனியுங்கள், கடைசியில் நோயாளியை, பிறகு உடை மாற்றுங்கள்.

குட்டியை நாள்தோறும் ஒரே நேரத்தில் நிறுங்கள். ஆறு வாரத்தில் 600, 700 கிராம் இருக்கும், நாளைக்குப் பத்துப் பதினைந்து கிராமாவது ஏறவேண்டும். எடை நின்றாலோ, கண் ஒட்டிக்கொண்டாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும், குட்டிக்குக் காத்திருக்க நேரமில்லை. தும்மல் இல்லாமல் இருந்தால் இந்தச் சளிக்கான முதல் தடுப்பூசியை இந்த வயதிலேயே தொடங்கலாம். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரை. ஊசி தொற்றை முழுவதும் தடுக்காது, நோயின் கடுமையைக் குறைக்கும்.

கழுவுவதற்கு ஜிக், அதாவது பிளீச் திரவம். ஹெர்பீஸ் வெளியே ஒரு நாள்கூடத் தாங்காது, கலிசி ஒரு மாதம் வரை தாங்கும், சாதாரண தரை மருந்துக்கு அசையாது. கடையில் விற்கும் சாதா ஜிக் 3.5 சதவீதம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி. முதலில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அழுக்கின் மேல் ஜிக் வேலை செய்யாது, சிறுநீரோடு சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பும். பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசிக் காயவையுங்கள். அன்றன்றைக்குக் கலக்கியதை அன்றே கொட்டிவிடுங்கள். ஜேய்ஸ் ஃப்ளூயிடும் டெட்டாலும் பூனை நடக்கும் தரையில் ஆகாது, பாதத்தை நக்கினால் உள்ளே போகும்.

மீனா_சாட்ஸ்வர்த்

அட்டையைப் பார்த்தேன், வெறிநோய் ஊசி சென்ற ஆண்டு போட்டது, தேதிக்குள் இருக்கிறது. மாலை நான்கு மணிக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். புரோபயாடிக் பற்றி மட்டும் யாராவது சொல்லுங்கள். கடையில் ஃபோர்ட்டிஃப்ளோரா பொட்டலம் இருக்கிறது.

கோமதி_லெனேசியா

நீங்கள் கேட்ட பட்டியலில் நான் ஆட்சேபிக்காதது அது ஒன்றுதான். அதில் இருக்கும் நன்மை செய்யும் கிருமி என்டரோகாக்கஸ் ஃபீசியம். நாள்பட்ட ஹெர்பீஸ் உள்ள சில பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வில் கண் அழற்சி சற்றுக் குறைந்தது. சிறிய ஆய்வு என்பதால் அதைச் சிகிச்சை என்று சொல்லமாட்டேன். டாக்ஸிசைக்ளினால் வயிறு இளகினால் உதவும். அதைவிடப் பெரிய பயன், அந்தப் பொடியின் வாசனைக்கே பல பூனைகள் தட்டுக்கு வரும். நாளைக்கு ஒரு பொட்டலம், வெதுவெதுப்பான தீனியின் மேல் தூவுங்கள், கலக்கவேண்டாம். மாத்திரை காலையென்றால் இது மாலை, கிருமிக்கொல்லி இதையும் கொன்றுவிடும்.

மருத்துவரிடம் போகும்போது கலோரி எழுதிய தாளையும் மூச்சுக் கணக்கையும் எடுத்துப் போங்கள். தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். முப்பதுக்குள் இருந்தால் சரி. நாற்பதைத் தாண்டினாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ நான்கு மணி வரை காத்திருக்காதீர்கள். ஒரு கண்ணை மட்டும் இடுக்குகிறானா, கருவிழி மங்கலாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஹெர்பீஸ் கருவிழியில் புண் போடும், வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு கண் சொட்டை அதில் விட்டால் கண்ணே போகும்.

தேவன்_மாரிட்ஸ்பர்க்

கூண்டை ஒரு துண்டால் மூடி எடுத்துப் போங்கள் அக்கா. காத்திருக்கும் அறையில் மற்றப் பூனைகள் இருந்தால் காரிலேயே இருந்துகொண்டு போன் செய்து சொல்லுங்கள், தொற்று என்றால் நேராக உள்ளே அழைத்துக்கொள்வார்கள்.